யூகோ காற்றில் படகு பார்த்தவள்

என் மனைவி வின்கா பாதி ஆயுளைக் கடலில் கழித்தவள். ஆனால் கடலைப் பார்த்தவள் இல்லை. தீவுகளுக்குப் போகும் பயணிக் கப்பலில் அவள் சமையல்காரி. அந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கப்பல் எந்தத் தீவில் நிற்கிறது என்பதைக் கார்கள் இறங்கும் சத்தத்தை வைத்துத்தான் சொல்லுவாள். ஓய்வு பெற்ற அன்று மாலையே, ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு, "வீட்ட வாடகைக்கு விட்டுட்டு ஒரு படகு வாங்குவோம் யெர்கோ. கிரீஸ், துருக்கின்னு மெதுவா போவோம். இத்தன வருஷம் சூப்பு கிண்டின கடல நான் பாக்க வேணாமா?" என்றாள்.

படகு தேடத் தொடங்குவதற்குள் அவள் முதுகு படுத்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "நடங்க, நீந்துங்க. ஆனா ஒரு பலமான குலுக்கல் போதும், கால் மரத்துப்போயிடும்." அதற்குப் பிறகு வின்கா படுத்துத் தூங்கியதே இல்லை. நாற்காலியில் தலையணையை அணைத்தபடி கண்ணை மூடுவாள், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள்.

பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாதாரண மோட்டார் படகு, நங்கூரம் போட்ட பிறகும் தொட்டில் மாதிரி ஆடும். மிச்சம் இருந்தது கட்டமரான்தான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடல், நடுவே இணைக்கும் தளம், ஒவ்வொரு உடலுக்கும் ஒரு இஞ்சின். தண்ணீரில் மேஜை போட்டது போல நிற்கும். புதியதன் விலையை இந்தப் பிறவியில் எட்ட முடியாது. அதனால் பழையதைத் தேடி எங்கள் கரையில் ஸதாருக்கும் ஸ்பிளிட்டுக்கும் நடுவே ஒரு துறைமுகம் விடாமல் அலைந்தோம்.

நான் இழுவைக் கப்பலில் இஞ்சின் மெக்கானிக். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்று, எந்தப் படகில் ஏறினாலும் நேராக இஞ்சின் அறைக்குள் இறங்கிவிடுவேன். வின்கா அலமாரிகளைத் திறந்து மூடிப் பார்ப்பாள், படிகளில் ஏறி இறங்குவாள்.

பியோகிராத் துறைமுகத்தில் ஒரு பல் டாக்டரின் படகைப் பார்த்ததும் நான் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. இஞ்சின்களின் மேல் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். துணி துவைக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் கருவி என்று ஒரு வீட்டையே உள்ளே ஏற்றியிருந்தார். வின்கா கரையில் குனிந்து நின்று, நடுத்தளத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கும் தளத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கு. இதுக்குள்ள அலை புகுந்தா எங்க போகும்?" என்று கேட்டாள்.

"போய்க்கிட்டே இருக்கும் மேடம்" என்று சிரித்தார் டாக்டர்.

"அப்போ யூகோ அடிக்கிற அன்னைக்கு ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெற்கிலிருந்து யூகோ காற்று அடித்தால் கடலில் பெரிய அலை எழும்பும், எங்கள் கரையில் எல்லாருக்கும் தலைவலி, எல்லாரிடமும் கடுகடுப்பு. அந்தக் காற்றில் கல்யாணம் பேச மாட்டோம், கையெழுத்துப் போட மாட்டோம், முடிந்தால் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டோம். "யூகோல யாராச்சும் படகு வாங்குவாங்களா? ஊரே சிரிக்கும்" என்று காரில் கத்தினேன்.

"சிரிக்கட்டும். வாங்கிட்டு, முதுகு தாங்காம நான் பாதி வழில இறங்கிட்டா? இல்ல, எனக்காகன்னு நீ வீட்லயே உக்காந்துட்டா? சாகுற வரைக்கும் என் முதுகோட குத்தத்த உன் மூஞ்சில நான் படிக்கணும். அதுக்கு ஒரு நாள் தலைவலி தேவல."

அவள் சொன்னது சரி, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

பல் டாக்டர் வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தார். யூகோ வந்தது. துறைமுகத்தைத் தாண்டி நாலைந்து அலைதான் இருக்கும். ஒரு அலை நடுத்தளத்தின் அடியில் சுத்தியலால் அடித்தது போல அறைந்தது. கோப்பை மேஜையிலிருந்து எகிறியது. வின்கா கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. "திருப்புய்யா" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டர் உடனே படகைத் திருப்பினார். அந்த வாரம் முழுக்க அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். காசு கொடுத்த பிறகு அந்த அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படகு ஆசையே போதும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவள் முடிவு கட்டவில்லை.

திரிபுன்ய் என்ற ஊரில் பேப்போ என்று ஒருவன், சுற்றுலாக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவன். ஒலிவத் தோப்புக்கு டிராக்டர் வாங்கவேண்டும் என்று தன் கட்டமரானை விற்கப் பார்த்தான். பார்க்கச் சகிக்காத படகு. மெத்தையெல்லாம் கிழிசல், உள்ளே மத்தி மீன் வாசனை. இஞ்சின்கள் கிழவன்கள், ஆனால் திடமான கிழவன்கள். உள்ளே அதிகப்படி சாமான் ஒன்றும் இல்லை. பாரம் இல்லாததால் நடுத்தளம் தண்ணீரிலிருந்து நன்றாக உயர்ந்து நின்றது. வின்கா குனிந்து பார்த்தாள்.

"யூகோ எப்போ வரும்?" என்று கேட்டாள்.

பேப்போ அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, இத்தன வருஷத்துல எங்கிட்ட சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கதான். வியாழக்கெழம வாங்க. என் முழங்கால் சொல்லுது."

வியாழக்கிழமை வானம் ஈய நிறத்தில் இருந்தது. எனக்குத் தலை வெடித்தது. வெளியே போனதும் அலை எழும்பியது. நான் இஞ்சின் சத்தத்தைக் கவனிக்கவில்லை, வின்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகு ஏறியது, இறங்கியது. அடியில் அலை புகுந்து, பின்பக்கம் வெளியேறிப் போயிற்று. தளத்தில் அடி விழவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "கீழ அந்தக் கட்டில்ல படுத்துப் பாக்குறேன்" என்று போனாள்.

வெகுநேரமாகியும் அவள் திரும்பி வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்தக் கிழிந்த மெத்தையில், வாயைத் திறந்து, மல்லாந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்தேன். என் முகத்தைப் பார்த்து பேப்போ பயந்துவிட்டான். "என்னாச்சு அண்ணே?"

"தூங்குறா."

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆபரேஷன், நாற்காலி, தலையணை எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாக உளறினேன். அவன் வேகத்தைக் குறைத்தான். துறைமுகத்தின் வாய் எதிரே தெரிந்தது. அதற்குள் நுழையாமல் தாண்டிப் போய், ஸ்லாரின் தீவைச் சுற்றினான். திரும்பவும் சுற்றினான். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. பாதி ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் எடுத்து என் கையில் கொடுத்தான். விலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அப்படி ஒரு மனிதனை எனக்குக் காட்டிய கடலுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

விளக்கேற்றும் நேரத்தில் வின்கா, புரண்டு படுத்த கன்னத்தில் மெத்தைத் தையல் பதிந்திருக்க, படியேறி வந்தாள். இருட்டிக்கொண்டு வரும் கடலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"ஏன் இன்னும் கரைக்குப் போகல?"

பேப்போ சுக்கானிலிருந்து கண்ணை எடுக்காமல், "வழி தவறிட்டேன் அக்கா" என்றான். பிறந்ததிலிருந்து அந்தக் கடலில் படகு ஓட்டுகிறவன். திரிபுன்யின் மணிக்கூண்டு அவன் மூக்குக்கு நேரே நின்றது.

வின்கா மணிக்கூண்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் தோளில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ பெரிய பொய் சொல்றவன்கிட்ட படகு வாங்கலாமா யெர்கோ?"

வாங்கலாம் என்று தலையை ஆட்டினேன்.