சாந்தா ரோசாலியாவின் முன்னால் ஒரு பேஸ் கிற்றார்

இத்தாலியில் பிறந்து, இத்தாலியிலேயே செத்து, பலெர்மோ மலைக்குகை ஒன்றில் எண்ணூறு வருடமாகக் கும்பிடு வாங்கிக்கொண்டிருக்கிற புனிதை சாந்தா ரோசாலியாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியே இல்லை என்று நான் மனமார நம்பினேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தலையில் பாதி நரைத்திருந்தது. அப்படியிருந்தும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ரயில் ஏறினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒக்டோபர் மாதம். பொலோஞ்ஞாவில் இசைக்கருவி திருத்துகிற கடையொன்றில் எனக்கு வேலை. வேலை முடிந்த பிறகு, பழைய பேஸ் கிற்றார்களை வாங்கித் திருத்தி இத்தாலியில் உள்ள எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் பாட்டுக் குழுக்களுக்கு விற்பேன். கிற்றார் செய்கிறவர்களுக்கு வேண்டிய உதிரிச் சாமான்களும் விற்பேன். பேஸ் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. ஆனால் அந்த நாலும் சேர்ந்து கிற்றாரின் நீண்ட கழுத்தை இழுக்கிற இழுவை, அதன் நுனியில் ஒரு வளர்ந்த ஆளைத் தொங்கவிட்டது போல இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பயணத்தின் நாலு நாளும் வேறொன்றையும் மனதில் வைத்திருக்கவில்லை.

ஏனென்றால் நான் கொண்டுபோன கருஞ்சிவப்பு பேஸ், கழுத்தும் கம்பி முறுக்குகிற தலையும் சேருகிற இடத்தில் முறிந்த பேஸ். பழைய சொந்தக்காரன் கீழே போட்டு முறித்தது. நான் பசை போட்டு, கவ்வியால் இறுக்கி, அரம் போட்டு, சாயம் பூசினேன். என் முதலாளி பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். நன்றாக ஒட்டிய இடம் மரத்தைவிடப் பலம் என்பது அவர் பாடம். ஒட்டிய பிறகு கம்பிகளை முழு இழுவையில் பூட்டி மூன்று கிழமை, இருபத்தொரு நாள், சுவரில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். நான் நாலு நாள் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் நவம் தொலைபேசியில் வந்துவிட்டான்.

நவம் என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்தவன். பலெர்மோவில் ஒரு வக்கீல் வீட்டில் சமையல் வேலை.

"மச்சான், இஞ்சை கோயில் பாட்டுக் குழுவிலை ஸ்டெல்லா எண்டு ஒரு பிள்ளை பேஸ் வாசிக்குது. திருவிழாவுக்கு ஒண்டு வேணுமாம். ஞாயிறுக்குள்ளை கொண்டு வா. ஆனா ஒண்டு, பழஞ்சாமான் எண்டா அவ சாந்தா ரோசாலியாவிலை சத்தியம் கேப்பா."

"என்னண்டு?"

"உடைஞ்சது ஒட்டினது இல்லையெண்டு. போன வருசம் ஒருத்தன் அவவுக்கு உடைஞ்ச கீபோட் ஒண்டைத் தலையிலை கட்டிப்போட்டான்."

"எந்தப் பாசையிலை சத்தியம்?"

"உன்ரை பாசையிலைதான். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

வெள்ளி, மாலை 6.40. பொலோஞ்ஞாவிலிருந்து பலெர்மோவுக்கு ரயில் பாதை ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டாம் வகுப்புச் சீட்டு எண்பத்தாறாயிரம் லீரா. கம்பிகளைத் தளர்த்தி பேஸைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் காலுக்கிடையில் நிறுத்தி, சூட்கேசை மேலே ஏற்றினேன். ரயில் ஒவ்வொரு தரம் குலுங்கும்போதும் என் கை பெட்டியைத் தொட்டது. நேப்பிள்ஸ் வரைக்கும் குலுக்கல்களை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தவறியது, பயம் தவறவில்லை.

சனி, காலை 7.15. இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி. இங்கே ரயிலைத் துண்டு துண்டாக வெட்டிச் சிசிலித் தீவுக்குப் போகிற கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். கேள்விப்பட்டிருந்தேன், பகிடி என்று நினைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று இரும்புச் சுவர். நான் ரயிலுக்குள், ரயில் கப்பலுக்குள், கப்பல் கடலுக்குள். என் முன்னால் இருந்த சிசிலிக் கிழவர் தோடம்பழம் உரித்துக்கொண்டே கேட்டார்:

"பயமா?"

"இல்லையே."

"என் மனைவிக்கு நாற்பது வருடமாக இந்தக் கப்பல் தாழும் என்று பயம். கப்பல் ஒருநாளும் தாழவில்லை. அவளும் ஒருநாளும் நிறுத்தவில்லை." பாதித் தோடம்பழத்தை என்னிடம் நீட்டினார். மற்ற எல்லோரும் மேல்தட்டுக்குப் போய்க் கோப்பி குடித்தார்கள். நான் பேஸைக் காவல் காத்தேன். உண்மையில் பேஸ்தான் என்னைக் காவல் காத்தது.

பகல் 12.20. பலெர்மோ மத்திய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே. மாஃபியாவின் குண்டுகளுக்குப் பிறகு, அந்த வருடங்களில் நகரத்தின் முக்கியமான மூலைகளில் துவக்கோடு ஆமிக்காரர் நின்றார்கள். ஆமியைக் கண்டால் எங்கள் ஊர்க்காரனின் கால் தானாகவே வேறு பக்கம் திரும்பும். என் காலும் திரும்பியது. அதைக் கண்ட ஒரு பொடியன் ஆமி சூட்கேசைத் திறக்கச் சொன்னான்.

சூட்கேசுக்குள் விற்பனைக்கு இருந்தவை: முறியாத பேஸ் கழுத்து ஒன்று, ஒலியைப் பிடிக்கிற காந்தங்கள், அவற்றைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்கள், ஒன்பது வோல்ட் பற்றரி ஆறு, கழுத்துக்குள் செருகுகிற நீளமான இரும்புக் கம்பி நாலு, சிவப்பும் கறுப்புமாக வயர். வேறொருவன் இந்தச் சூட்கேசோடு வந்திருந்தால் நானே பொலிசைக் கூப்பிட்டிருப்பேன். "மூசிக்கா! மூசிக்கா!" என்று ஸ்டேசன் அதிரக் கத்தினேன். அவன் ஒரு சுருளைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எவ்வளவு?" என்று கேட்டான். அவனும் வாசிக்கிறவனாம். இருபதாயிரம் என்று சொல்ல வாயெடுத்தேன். "அன்பளிப்பு" என்று வெளியே வந்தது.

வியா மக்வேதா வீதி வழியாகப் பத்து நிமிடம் நடந்து, இடது பக்கம் இறங்கினால் எங்கள் சனம் குடியிருக்கிற அல்பெர்கேரியா. நவத்தின் வீடு மூன்றாம் மாடி. சோறும் வாள்மீன் குழம்பும் வைத்திருந்தான். சாப்பிடும்போது கழுத்து விசயத்தைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப நீ பொய்ச் சத்தியம் பண்ணவே வந்தனி?"

"சாந்தா ரோசாலியா இத்தாலிக்காரி, மச்சான். நான் தமிழிலை சொல்லுவன். அவவுக்கென்ன விளங்கும்?"

"விசரா, இஞ்சை இருக்கிற எங்கடை சனம் வேதக்காரர், சைவக்காரர் எண்டில்லாமல் ஞாயிறுக்கு ஞாயிறு மலைக்குப் போய் அவவோடை தமிழிலைதான் கதைக்குதுகள். கேட்டுக் கேட்டு அவ உன்னைவிட நல்லாத் தமிழ் கதைப்பா."

சிரித்தேன். 

மாலை 5 மணி. ஸ்டெல்லாவின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. மன்னார், பேசாலைப் பக்கம், முப்பத்தெட்டு வயதிருக்கும். பகலில் இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் வேலை. துடைத்துத் துடைத்துக் காய்த்துப்போன விரல்கள். பேஸ் வாசிக்க அதைவிடத் தோதான விரல்கள் கிடையாது. பெட்டியைத் திறந்ததும் கம்பிகளை முறுக்கத் தொடங்கினார்.

"காணும் தங்கச்சி, காணும். கொஞ்சம் இளக்கமா இருந்தாலும் பறுவாயில்லை."

"சுருதி சேராமல் என்னண்டு அண்ணை வாசிக்கிறது?"

முறுக்கினார். மரம் மெல்ல முனகியது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஒட்டு விட்டால் தலைப்பகுதி எந்தப் பக்கம் விசிறி அடிக்கும் என்று தெரியாது. நான் கதிரையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தேன். அடுத்த கம்பி, இன்னொரு சாண். பேஸை நெஞ்சோடு அணைத்து அவர் வாசிக்கத் தொடங்கியபோது என் கதிரை வாசற்கதவில் முட்டிவிட்டது.

"என்னண்ணை, காத்து வேணுமோ?"

"ஓம் ஓம், கொஞ்சம் புழுக்கமாக் கிடக்கு."

ஒக்டோபர் மாதம். நவம் கழுத்துவரை சுவெற்றர் போட்டிருந்தான்.

ஸ்டெல்லா நன்றாக வாசித்தார், அதைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கன்னம் ஏறத்தாழக் கழுத்தின் மேல் கிடக்க வாசித்தார். வாசித்து முடித்து, "பிடிச்சிருக்கு. நாளைக்கு மலைக்குப் போவம். சத்தியம் பண்ணினா, அங்கையே நாலு லட்சம் லீராவும் தாறன்" என்றார். கம்பியைத் தளர்த்திவிட்டுப் போகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணை, அங்கை கொண்டுபோய் அவவுக்கு ஒரு பாட்டு வாசிக்கோணும்."

ஆக, அந்தக் கழுத்து அந்த இரவு முழுவதும் முழு இழுவையில் அவர் வீட்டில் கிடந்தது. நான் நவத்தின் வீட்டில் கிடந்தேன். யார் அதிகம் இழுபட்டது என்று தெரியாது.

ஞாயிறு, காலை 6 மணி. பெல்லெகிரீனோ மலையடிவாரம் வரை பஸ், அங்கிருந்து கல் பாவிய பழைய பாதையில் நாலு கிலோமீற்றர் ஏற்றம். எங்கள் சனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறது. நெற்றியில் நீறு பூசினவர்கள், கையில் செபமாலை வைத்திருந்தவர்கள், பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியையும் கறி மிளகாய் விலையையும் கதைத்துக்கொண்டு போனவர்கள். கீழே வளைந்து கிடந்த பலெர்மோவும் கடலும் அழகு என்று நவம் சொன்னான். நான் பார்க்கவில்லை. ஸ்டெல்லா பேஸைத் துணியுறையில் போட்டு முதுகில் மாட்டியிருந்தார். அந்தத் தலைப்பகுதி அவருடைய பிடரிக்குப் பின்னால் படிக்குப் படி ஆடியது. நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

"நான் தூக்கிறன் தங்கச்சி."

"நீங்கள் வயசாளி. பேசாமல் வாங்கோ."

8.30. மலைமுகட்டோடு ஒட்டிக் கட்டிய கோயில் முகப்பு. உள்ளே போனால் குகை. கூரைப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதை ஏந்தத் தகரப் பீலிகளைக் குறுக்கும் மறுக்குமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால், பொன் உடுப்போடு சாந்தா ரோசாலியா சாய்ந்து படுத்திருந்தார். மெழுகுதிரி ஒன்று ஆயிரம் லீரா. எங்கள் பெண் ஒருத்தி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பதுபோல உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தாள்:

"இந்த மாசமாவது என்ரை பெர்மெஸோவைத் தரச் சொல்லு அம்மா. போன மாசமும் சொன்னனான், நீ மறந்துபோனாய்."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாம் தமிழ். யாழ்ப்பாணத் தமிழ், மன்னார்த் தமிழ், தீவகத் தமிழ். நான் பிறந்ததிலிருந்து கேட்டதைவிட அதிகமான தமிழை அந்தப் பொன் உடுப்புக்காரி கேட்டிருப்பார் என்று அந்த நிமிடத்தில் விளங்கியது. 

எங்கள் முறை வந்தது. ஸ்டெல்லா உறையிலிருந்து பேஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தலையிலை வையுங்கோ அண்ணை."

"என்னத்தை?"

"சாமானை. ஊரிலை மடு மாதா கோயிலிலை எப்பிடியோ, அப்பிடித்தான் இஞ்சையும். எந்தச் சாமானுக்குச் சத்தியமோ அதைத் தலையிலை வைச்சுத்தான் சொல்லோணும்."

இதை நவம் தொலைபேசியில் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, கழுத்தின் நுனிப் பக்கம் உச்சந்தலையில் படும்படி வைத்தேன். ஒட்டிய இடம் என் வலது காதிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. கம்பிகள் இறுகிப்போய் நின்றன. பாறையிலிருந்து ஒரு சொட்டு தகரத்தில் விழுந்தது: டக்.

"முறிஞ்சது!" என்று கத்தினேன். "முறிஞ்ச கழுத்து தங்கச்சி, நான்தான் ஒட்டினனான், நாலு நாள்தான் தொங்கவிட்டனான், தாங்குமோ தெரியாது, இதை இறக்குங்கோ!"

ஒரு சிசிலிக்காரி திரும்பி வாயில் விரல் வைத்தாள். நவம் ஓடிவந்து பேஸை இறக்கினான். ஸ்டெல்லா அதை வாங்கி, ஒட்டிய இடத்தைத் தேடி விரலால் தடவினார். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் காட்டினேன்.

"நேற்று இதை நெஞ்சோடை வைச்சல்லோ வாசிச்சனான்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் கதிரையைப் பின்னுக்குப் பின்னுக்கு இழுத்ததைப் பாத்தனான். புழுக்கமெண்டு நினைச்சன்."

எந்தக் குளறுபடியையும் பகிடியாக்கிவிடுகிறவன் நான். அங்கே பகிடியை விட்டுவிட்டுச் சாமானைப் பற்றிக் கதைத்தேன்.

"சூட்கேசிலை முறியாத கழுத்து ஒண்டு கிடக்கு தங்கச்சி. காசு வேண்டாம். மாத்திப் பூட்டித் தாறன்."

"வேண்டாம் அண்ணை. உங்களிட்டை வேண்டாம்."

கம்பிகளைத் தானே தளர்த்தி, பேஸை உறையில் போட்டு, என் கையில் தந்துவிட்டு, மெழுகுதிரி ஒன்று வாங்கப் போனார்.

திங்கள், பகல் 1.10. நவம் ஸ்டேசன் வரை சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் சிரித்தான், மேடையில் நின்றதும் கேட்டான்:

"ஏமாத்தத்தானே வந்தனி. பிறகேன் சொன்னனி? சாந்தா ரோசாலியாவுக்குப் பயந்தோ?"

"இல்லை மச்சான். காதுக்குப் பயந்து. கழுத்து என்ரை காதுக்குப் பக்கத்திலையல்லோ இருந்தது."

"ஸ்டெல்லாவின்ரை கன்னத்துக்குப் பக்கத்திலை இருக்கேக்கை?"

ரயில் வந்தது. பொலோஞ்ஞாவில் பழஞ்சாமான் வாங்குகிறவன் ரசீது கேட்பான். கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அல்பெர்கேரியாச் சனம் சாமானை உன் தலையில் வைத்துப் பார்க்கிறது. அதற்குப் பிறகு நான் ரசீதில் கையெழுத்துப் போடும்போதும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

கடைக்கு வந்த அன்றே கம்பிகளை முழு இழுவையில் பூட்டி, பேஸைச் சுவரில் தொங்கவிட்டேன். பன்னிரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில், ஒட்டிய இடத்திலேயே கழுத்து முறிந்தது. தலைப்பகுதி கம்பிகளோடு விசிறி அடித்து, பக்கத்தில் இருந்த அலமாரிக் கண்ணாடியை உடைத்திருந்தது. கடையில் ஒருவரும் இருக்கவில்லை.