மச்சினனின் சாரன்

கல்முனைக் கடைத்தெருவில் நான் ஸ்டூடியோ நடத்திய காலம், எழுபதுகளின் கடைசி. கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும்தான் எனக்குத் தொழில். கமராவைக் கடலுக்குக் கொண்டுபோவேன் என்று நினைத்ததே இல்லை.

ஒரு காலையில் அடுத்த தெரு மீன்காரர் ஒருவர் கடைக்குள் வந்தார். அவருடைய தங்கையின் புருஷன் போன வள்ளம் வாடைக்காற்றில் கவிழ்ந்திருந்தது. கூடப் போனவனின் மையத்து நிந்தவூர்க் கரையில் ஒதுங்கி அடக்கமும் ஆகிவிட்டது. மச்சினனைப் பற்றி மட்டும் தகவல் இல்லை.

"நேத்துக் கடலால வந்தவங்க, தெற்கால ஒரு மையத்து மிதக்கிறதக் கண்டாங்களாம். காத்துக்கு அவங்களால கிட்டப் போக ஏலாமப் போச்சாம். நாங்க தேடிப் போறம். கொண்டு வர ஏலாட்டி, படமாவது வேணும்."

"படம் என்னத்துக்கு?"

"தங்கச்சி நம்புறாளில்ல. கப்பல்காரன் ஏத்திக்கிட்டுப் போயிருப்பான் எண்டு கதைக்கிறாள். புருஷன் மௌத்தாப் போனான் எண்டு தெரியாம நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க ஏலுமா? பள்ளிவாசல் மரைக்கார்மாரும் அதத்தான் கேக்கிறாங்க."

மறுக்க முடியவில்லை. பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றில் துவாயை விரித்துக் கமராவை வைத்தேன். ஈரத்தை இழுக்கட்டும் என்று வறுத்த அரிசியைச் சீலையில் முடிந்து பக்கத்தில் செருகினேன். மூடியின் விளிம்பைச் சுற்றிச் சைக்கிள் டியூப் வாரை இழுத்துக் கட்டி, தகரத்தைப் பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டேன்.

மீன்காரரும் அவருடைய கூட்டாளி ஒருவரும் நானும் வள்ளத்தில் பாய் விரித்துப் போனோம். உப்புத் தூவானம் முகத்தில் அடித்தது. ஒலுவிலுக்கு நேரே காகங்கள் தாழப் பறந்த இடத்தில் அதைக் கண்டோம். மணம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

கூட்டாளி பாயை இறக்கினார். மீன்காரர் அழவில்லை. "எடுங்க காக்கா" என்றார், என்னை அண்ணன் முறை சொல்லி.

பையை அவிழ்த்தேன். வள்ளம் ஆடியதில் இரண்டு தரம் கமராவுக்குள் கடல்தான் தெரிந்தது. லென்ஸில் விழுந்த துளியை வெறும் சீலையால் துடைத்தால் உப்புக் கீறிவிடும். போத்தல் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிவிட்டு எடுத்தேன். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை. உடம்பில் சுற்றியிருந்த சாரனையும் இடுப்புப் பெல்டையும் படம் எடுத்தேன். எடுத்து முடித்த கையோடு எல்லாவற்றையும் தகரத்துக்குள் வைத்து இறுக்கினேன்.

மையத்தை வள்ளத்தில் தூக்க முடியவில்லை. தொட்ட இடம் கழன்றது. பாய்த்துண்டில் சுற்றிக் கயிற்றால் பிணைத்து இழுத்துவந்தோம். கரையை அண்டும்போது எழும்பிய அலை எங்களைக் கவிழ்த்தது. தகரத்தைக் கட்டிப்பிடித்தபடியே நான் கரையேறினேன். மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். கயிறு வெறுமையாக வந்தது. பொழுது படும்வரை கரை நெடுகத் தேடினோம். கிடைக்கவில்லை.

தகரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போயிருக்கவில்லை.

படத்தைக் கழுவி மறுநாள் கொண்டுபோனேன். தங்கை சீலைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். அண்ணன் உள்ளே நீட்டினார்.

"சாரன்ல இந்தக் கிழிசலத் தைச்சது நான்தான்" என்றாள். "நூல் காணாம, முடிவில இரட்டை முடிச்சுப் போட்டன். அது அப்படியே இரிக்கி."

பிறகு கேட்டாள்: "காக்கா, முகம் ஏன் எடுக்கல்ல?"

"தண்ணிக்குள்ள கிடந்தது, தங்கச்சி" என்றேன்.

"ஓம்" என்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வெடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், மையத்து இல்லாமலே அவனுக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவள் இத்தாவுக்கு இருந்தாள்.

இத்தா முடிந்து சில நாட்களில் அண்ணனோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். நெகட்டிவைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"இது இனி ஆர்ர கையிலயும் இரிக்க வேணாம், காக்கா. அவர இந்தக் கோலத்தில ஒருத்தரும் பாக்க வேணாம்" என்றாள்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். அன்றைக்குப் படம் கேட்டு வந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போனார்.