அண்ணனுக்குப் போட்டியாக வந்த முள்செடி

என் அண்ணன் அப்பாதுரை பிறவிப் பொறாமைக்காரன். சின்ன வயதில் அம்மா எனக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றிவிட்டால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வளர்ந்து, ஒக்கலிபுரத்தில் வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிக் கடை போட்ட பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரன் புது மேஜை வாங்கிய அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் நல்லவன். பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

அவனுக்கு அன்றாடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணி பாஞ்சாலி பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். சாயந்திரம் வந்ததும் கடை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னாயா, டீ குடிச்சியா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியில் அவன் மறுநாள் சாயந்திரம் வரைக்கும் ஓட்டிவிடுவான். நான் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஒருநாள் அண்ணி பையில் ஒரு குச்சியோடு வந்தாள். நர்சரியில் யூஃபோர்பியா என்பார்கள். கள்ளி ஜாதி. தண்டு முழுக்க முள், ஒடித்தால் பால், உச்சியில் கொத்தாகச் சிவப்புப் பூ. அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் இருக்கும்.

"எவன் குடுத்தான் இதை?"

"ராஜேந்திரன்."

"யாரு ராஜேந்திரன்?"

"எங்க கம்பெனியில" என்றவள், அதோடு உள்ளே போய்விட்டாள்.

பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு மொட்டைமாடியில் நட்டாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. வேலையிலிருந்து வந்தால் கடைப் பக்கம் திரும்புவதில்லை, நேராக மாடிக்கு ஏறிவிடுவாள். காலையில் ஒரு செம்பு, சாயந்திரம் ஒரு செம்பு, நடுவே அரிசி கழுவிய தண்ணீர். செடி வளர்ந்தது, ஆனால் பூக்கவில்லை. இலைகள் பழுத்துப் பழுத்து விழுந்தன. அண்ணிக்குக் கவலை, அண்ணனுக்குத் திருப்தி.

"முள்ளுச் செடிக்குக் கீற மவுசுகூட எனக்கு இல்லம்மா வீணா" என்று என்னிடம் புலம்பினான்.

"சும்னே இருண்ணா, பேஜார் பண்ணாதே. அது செடி" என்றேன்.

"செடியப் பத்தி யாரு பேசுனா? அந்த ராஜேந்திரனைப் பத்திப் பேசறேன்."

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டான். வீம்பு!

இந்த வருஷம் வெயில் ஏறும் நேரத்தில் அண்ணி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது, கட்டுப் போட்டுவிட்டார்கள். படி ஏறக்கூடாது. படுக்கையிலிருந்தே காலையில் முதல் வார்த்தை, "யோவ், செடிக்குத் தண்ணி ஊத்துனியா?" டீ போட்டுக் கொடுத்தவன் குடித்தானா என்று ஒரு கேள்வி கிடையாது. அண்ணன் செம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவான். தண்ணீரை அப்படியே மழைநீர்க் குழாயில் கவிழ்த்துவிட்டு இறங்குவான். செத்து ஒழியட்டும், ராஜேந்திரன் சகவாசமும் அதோடு ஒழியட்டும் என்பது அவன் கணக்கு.

மண் வெடித்தது. செடி சாகவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மொட்டு விட்டது! "இது செடியில்ல, சூனியம்" என்று என்னிடம் ஃபோனில் குசுகுசுத்தான்.

கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் அண்ணியைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தான். செடி இலை தெரியாமல் பூத்திருந்தது. அண்ணி வாயைப் பிளந்தாள். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். தூசியாகக் கிளம்பியது.

"யோவ், நீ தண்ணியே ஊத்தலியா?"

அண்ணன் காது சிவந்துவிட்டது. "ஊத்தல. ராஜேந்திரன் குடுத்தது சாவட்டும்னுதான் விட்டேன். இன்னா இப்போ?"

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணியோ தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ராஜேந்திரன் தாத்தா கம்பெனித் தோட்டக்காரருய்யா. வெட்டின கிளையெல்லாம் குப்பையில போட்டிருந்தாரு. ஒண்ணு எடுத்துக்கவான்னேன், தலையாட்டினாரு. அவ்ளோதான் கதை."

"அன்னிக்கே இதைச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீ இஸ்திரிப் பொட்டிய வெச்ச எடத்திலேயே வெச்சிட்டு என்னையே பார்த்துக்கினு நின்னே. எவனோ சட்டை கருகிப்போச்சு, உனக்குத் தெரியல. ஊர்ல எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்படுவே. என்னை ஒருத்தன் பார்ப்பான்னு அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது நெனைச்சிருக்கியா? எனக்கு அது நல்லா இருந்துச்சு. சொல்ல மனசு வரல."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கால் வலிக்குதா?" என்றான். நான் ஒருத்தி நிற்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று.

கிளம்பும்போது அண்ணி எனக்கும் ஒரு கிளை வெட்டிக் கொடுத்தாள். "கையில பால் பட்டா கண்ணைத் தொடாதே. வெட்டுன எடம் காயற வரைக்கும் நெழல்ல போட்டு வை. அப்பறம் நடு. என்னை மாதிரி தண்ணிய ஊத்தித் தொலைக்காதே."

வீட்டுக்கு வந்து அதை டீவி மேஜை மேலேயே வைத்தேன், கண்ணில் படாமல் போகாது. என் வீட்டுக்காரர் நரேஷ் டீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கில்பர்ட் குடுத்தாரு" என்றேன், அவர் கேட்காமலேயே.

"முள்ளு குத்தப்போவுது, ஓரமா வை" என்றார்.

ஓரமாக வைத்தேன். காய்ந்ததும் நட்டேன். இப்போது அதுவும் பூக்கிறது. கில்பர்ட் என்று எனக்கு யாரையும் தெரியாது. அதைச் சொல்லலாமென்றால், யார் அந்த கில்பர்ட் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.