சம்பந்தியம்மா பார்க்காத மலை

பூதப்பாண்டியிலிருந்து காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினோம். மகன் ஓட்டினான். மருமகள் முன்சீட்டில். நான் பின்னால், பைகளோடு. போகிற இடம் பெங்களூர், மகன் அங்கே புது வீடு வாங்கியிருக்கிறான். வழியில் மதுரையில் இரண்டு ராத்திரி தங்கி, மருமகளின் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மதுரை எங்கள் ஊரிலிருந்து இருநூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லீஸ் நகரில் அவர் வீட்டில் இறங்கிவிட்டோம்.

சம்பந்தியம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்பு. அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். நான் பேச வாயெடுத்தால் அப்போதுதான் குக்கர் விசிலடிக்கும்.

போன தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மகன் அவரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய், கடலுக்கு மேலே புதிதாகப் போட்ட கண்ணாடிப் பாலத்தில் நடக்க வைத்தான். எனக்கு அன்று அடுப்படியில் வேலை. திரும்பி வந்து, காலுக்கடியில் அலை அடிப்பதைச் சாப்பிட்டு முடிகிறவரை சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு இன்னும் பாக்கலையா மதினி?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. என் கடலை எனக்கே காட்டிவிட்டார்.

அதனால் கார் ஏறும்போதே ஒன்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட வேண்டும். பிறகு அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் திருமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினார்கள். நான் தலைவலி என்றேன். சம்பந்தியம்மா சாவியைக் கையில் தந்து, "வெளியில போயிராதீங்க மதினி, தொலைஞ்சுருவீங்க" என்று சிரித்தார். கார் தெருமுனை திரும்பியதும் சேலை மாற்றினேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. "நாயக்கர் மஹாலுக்கு எங்க எறங்கணும் மக்களே?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"அம்மா கேரளாவா?"

"இல்ல, நாரோயிலு பக்கம்."

"எந்த ஊரா இருந்தாலும் ஃப்ரீதான், உக்காருங்க. பெரியார்ல எறங்குங்க."

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விசாரித்து நடந்தேன். கோயிலை விட்டால் மதுரையில் எனக்குப் பெயர் தெரிந்த இடம் மஹால் ஒன்றுதான். மஹாலில் நிற்கும்போது பத்தரை இருக்கும். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள் என்று சம்பந்தியம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். அப்படியேதான் இருந்தது. அதுதான் எரிச்சல். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாலும் அவர் குரலே கேட்டது. அவர் முன்னாலேயே தின்றுவிட்ட இலையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சீக்கிரமே வெளியே வந்தேன்.

வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் மீனாட்சியம்மன் கோயிலா என்று கேட்டார். அங்கே சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். நான் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "மதுரைக்காரங்க பாக்காத எடம் வல்லதும் உண்டா மக்களே?"

அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "இப்படிக் கேட்டு எவனும் வண்டில ஏறுனதில்ல பாட்டி." கொஞ்சம் யோசித்தார். "சமணர் மலைக்கு வர்றீங்களா? கீழ அய்யனாரைக் கும்புட்டு, ஆலமரத்தடியில சோத்தத் தின்னுட்டுக் கெளம்பிருவாய்ங்க. மேல ஏற மாட்டாய்ங்க."

முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். ஊருக்கு மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டர், கீழக்குயில்குடி.

சமணர் மலை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் சிதறாலிலும் அப்படி ஒரு மலை உண்டு. பாறையில் சமண சாமிகள் வரிசையாக இருக்க, நடுவில் பகவதி இருப்பாள். அங்கே ஏறிப் பழகிய கால். மலை என்றால் பகவதி இருப்பாள் என்று வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன், முப்பது ரூபாய். எங்கள் தோவாளைப் பிச்சிப்பூவுக்கு மதுரை மல்லியின் வாசனை வராது என்று சம்பந்தியம்மா சொல்வார். ஒரு தடவை முகர்ந்தேன். அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று மறுபடி முகரவில்லை.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய பெரிய ஆலமரங்கள். வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவளிடம், "மேல பகவதி நடை தொறந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"பகவதியா? அப்பிடி யாரும் இல்லத்தா. மேல செட்டியாருதான் உக்காந்திருக்காரு."

"எந்தச் செட்டியாரு?"

"போய்ப் பாரு. காது பெருசா இருக்கும்."

பாறையில் வெட்டிய படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. என்னைத் தவிர ஒரு ஆள் கிடையாது. குகைக்கு வெளியே செட்டியார் பெரிதாக உட்கார்ந்திருந்தார். சிதறாலில் இருக்கிற அதே சமண சாமிதான், காது தோள்வரை தொங்குகிறது. கையில் பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு தலை குனிந்து குகைக்குள் போய் நிமிர்ந்தேன். மேலே கூரைப் பாறையில், சிங்கத்தின் மேல் வில்லும் அம்புமாக ஒரு அம்மன். எதிரே யானையில் ஒருவன் வாளோடு வருகிறான். அவள் அசையவில்லை.

பகவதிதான். இந்த ஊருக்கு அவளைத் தெரியவில்லை, அவ்வளவுதான். பூவை உயர்த்திக் காட்டிவிட்டு, பிரசாதமாகத் திரும்பக் கொண்டுவந்தேன். காற்று குளுகுளுவென்று வந்தது. உட்கார்ந்து, கீழே வாங்கிய வெள்ளரிக்காயைத் தின்றேன். யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை.

பஸ் பிடித்து நாலு மணிக்கு வீடு வந்தேன். ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். வந்த களைப்பில் மகனும் மருமகளும் படுத்துவிட்டார்கள். அடுப்படியில் சம்பந்தியம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "மயினி, நான் இன்னைக்கு சமணர் மலைக்குப் போனேன்."

அவர் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "யாரு கூட்டிட்டுப் போனா?"

"நானாட்டுதான் போனேன்."

"பிள்ளைகளைக் கூட்டிட்டு எத்தனையோ தடவை போயிருக்கேன் மதினி. எல்லாரும் மேல ஏறுவாங்க. டிபன் பாக்ஸைப் பாத்துக்க ஒரு டீச்சர் வேணும்ல, நான் கீழ உக்காந்துக்குவேன். இப்ப முழங்காலும் போச்சு. மேல என்னதான் இருக்கு?"

திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தை எனக்கு நேராக வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. செட்டியார், சிங்கம், வில், காற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்புறம், அப்புறம்" என்று கேட்டார். நான் பூ வைப்பதில்லை, அதனால் மல்லிகையையும் அவரிடம் கொடுத்தேன்.

"மாப்பிள்ளைகிட்ட மூச்சு விடாதீங்க, தனியா போனதுக்குத் திட்டுவாரு" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முழங்கால் மடங்காது என்று சம்பந்தியம்மா முன்சீட்டில் ஏறினார். தலையில் என் மல்லிகை. ஊரைத் தாண்டும்போது இடது பக்கம் தூரத்தில் மலை தெரிந்தது.

"அந்தா பாருங்க மாப்பிள்ளை, சமணர் மலை. அங்க ஒரு குகை இருக்கு. தலையக் குனிஞ்சு உள்ள போயி நிமிர்ந்தா, கூரையில ஒரு அம்மன், சிங்கத்து மேல, கையில வில்லு. எதிர்ல வர்ற யானை அவளைப் பாத்து அப்படியே மிரண்டு நிக்குது."

யானை மிரண்டது என்று நான் சொல்லவில்லை. அதை அவர் சேர்த்தார். கேட்க நன்றாகவும் இருந்தது. ஏறிப் பார்த்த எனக்கே இன்னொரு தடவை போய்ப் பார்க்க ஆசை வந்தது.

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அம்மா, அத்தை சொல்லுகத கேட்டியா?"

"கேட்டேன் மக்கா" என்றேன்.

பெங்களூர் போய்ச் சேரும்வரை முன்சீட்டிலிருந்து மல்லிகை வாசனை வந்துகொண்டே இருந்தது. பிச்சியைவிடக் கொஞ்சம் தூக்கல்தான். ஊர் திரும்பி வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மகன் திட்டினால் திட்டட்டும். ஏறினது நான்.