மாட்டு வண்டியில் வந்த பள்ளிக்கூடம்

முப்பதுகளின் நடுவில், பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே நீள அறை, அதற்குள் மூன்று வகுப்புகள். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் மற்ற இரண்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கோணிச் சாக்கு கொண்டுவந்து, மண் தரையில் விரித்து உட்காருவார்கள். அரசாங்கம் கொஞ்சம் உதவித்தொகை கொடுத்தது. மற்றதெல்லாம் கடைக்காரர்களின் தர்மம். அவர்கள் மனம் சுருங்கிய மாதத்தில் எங்கள் வயிறும் சேர்ந்து சுருங்கும்.

நகரத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். அதில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர்தான் சங்கத்துக்கும் தலைவர். தங்கமான மனிதர், ஆனால் அதிகாரி என்று யாராவது வந்துவிட்டால் அவருடைய முதுகு தானாக வளைந்துவிடும். சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளிகளை நடத்துவது அரசாங்கத்தின் கடமை என்று சட்டத்தில் எழுத வேண்டும். தர்மத்தில் நடக்கிற பள்ளி, தர்மம் செய்கிறவருக்கு அலுத்துப்போனால் மூடிவிடும். சட்டத்தில் நடக்கிற பள்ளியை அப்படி மூட முடியாது. அந்தச் சட்டத்தைச் செய்ய வேண்டிய சபையோ சிங்கப்பூரில் கூடிக்கொண்டிருந்தது.

சங்கம் அதுவரை சாதித்த காரியம் ஒன்று உண்டு. வெளியே சொல்ல முடியாத சாதனை. உதவித்தொகை தொடர வேண்டுமானால், ஆண்டுதோறும் வருகிற இன்ஸ்பெக்டர் துரை பள்ளி ஒழுங்காக இருக்கிறது என்று எழுத வேண்டும். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், உலகப் படம் எல்லாம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். எந்தப் பள்ளியிலும் எல்லாம் கிடையாது. ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முழுப் பள்ளிக்கு வேண்டியதை வாங்கி வைத்தோம். இன்ஸ்பெக்டர் எந்தப் பள்ளிக்கு வருகிறாரோ, அவருக்கு முன்னால் அந்தச் சாமான்கள் மாட்டு வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வண்டியில் குலுங்கிக் குலுங்கிக் கடிகாரம் ஓடுவதையே மறந்துவிட்டது. அவர் வருகிற நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிடுவோம். மனிதர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் கழுத்துக்கே கத்தியாக வந்தது. எங்கள் கோரிக்கை ஒருவழியாகச் சட்டசபைப் படியேறியபோது, இன்ஸ்பெக்டர் அறிக்கை எல்லாப் பள்ளியும் நன்றாக இருப்பதாகத்தானே சொல்கிறது, பிறகு எதற்குப் புதுச் சட்டம் என்று கேட்டுவிட்டார்கள். எங்களுக்காகப் பேச ஒத்துக்கொண்டிருந்த உறுப்பினர் பினாங்குக்காரர், வக்கீல், நம்மவர். அடுத்த கூட்டத்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். காலையில் எங்கள் பள்ளி, அதன் பிறகு தண்ணீர்மலை ரோட்டுப் பள்ளி.

சங்கம் அவசரமாகக் கூடியது. பெரிய மனிதர் வருகிறார் என்றதும் பழகிய கை சும்மா இருக்குமா? சாமான்களை முதலில் எங்கள் பள்ளிக்கு அனுப்புவது, பார்த்து முடித்ததும் அடுத்த பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. இவர் குறை பார்க்க வருகிறவர், நாம் நிறையைக் காட்டினால் எப்படி என்று நான் கேட்டேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் கிழிந்த பாயையா விரிப்பார்கள் என்று தலைவர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. அவர் வருவது மோட்டார் காரில், சாமான் போவது மாட்டு வண்டியில். ஆகவே வண்டி முந்திக்கொள்ளும்வரை அவரை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கு அடுத்திருந்த தலைவர் வீட்டில் பலகாரம், அதன்பின் பெரிய பெண் பிள்ளைகளின் கும்மி. கும்மி என் பொறுப்பு.

அவர் வந்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். உலகப் படத்தில் ஒரு சிறுமி இலங்கையைத் தொட்டுக் காட்டினாள். தொப்பியைக் கழற்றி ஒரு பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாய்க்கணக்குக் கேட்டார். பிள்ளைகள் டக்டக்கென்று சொன்னார்கள். அவர் முகமெல்லாம் மலர்ந்தது. தலைவர் முகம் அதைவிட.

பிறகு தலைவர் வீட்டில் கேசரி. பின்பக்கத்தில் பெஞ்சுகளைத் தூக்குகிற சத்தம் லேசாகக் கேட்டது. அதை அமுக்குவதற்காகவே நாங்கள் உரக்கக் கும்மி கொட்டினோம். கும்மி முடிந்ததும் உறுப்பினர் தலைவரைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்:

“ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. அறிக்கையில இருக்கிறது சரிதான் போல. சபையிலயும் அதைத்தான் சொல்லப் போறேன்.”

தலைவர் கைகூப்பி நன்றி சொன்னார். ஆண்டுக்கணக்காக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு தட்டு கேசரியோடு நாங்களே முடித்துவைத்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் மட்டும் அப்படியே கப்பல் ஏறிவிட்டால், இனி எந்தச் சபையிலும் எங்கள் பேச்சு எடுபடாது.

அப்போதுதான் அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். தொப்பியை வகுப்பிலேயே விட்டுவிட்டாராம், போய் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இன்னொரு பாட்டை எடு, இல்லையென்றால் ஓடிப்போய்த் தொப்பியைக் கொண்டுவா என்று அர்த்தம். இரண்டையும் நான் செய்திருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம் இல்லாமல் இல்லை. என் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். ஆனாலும் கால் முன்னால் போய்விட்டது.

“வாங்க ஐயா, நானே கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

வகுப்பில் பெஞ்சு இல்லை, படம் இல்லை, கரும்பலகை இல்லை. கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் மூலையில் ஒளித்துவைத்திருந்த சாக்குகளை எடுத்து விரித்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவல் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்போதுதான் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தார்கள். இலங்கையைக் காட்டிய சிறுமி தன் சாக்கின் மேல் அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு, தான் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

பெஞ்செல்லாம் எங்கே என்று கேட்டார். பின்னாலேயே ஓடிவந்த தலைவர், துடைப்பதற்காக வெளியே எடுத்திருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தண்ணீர்மலை ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவுதுங்க ஐயா,” என்றேன். “அடுத்து நீங்க அங்கதானே போறீங்க.”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வண்டியில் பெஞ்சுகள் அடுக்கப்பட்டிருந்தன. உச்சியில் எங்கள் கடிகாரம், அவர் வந்த நேரத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தாலும் இதே வண்டிதான் என்பதையும்.

அவருக்குக் கோபம் வந்தது. அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறீர்கள், இது வெளியே தெரிந்தால் இருக்கிற உதவியும் போய்விடும், அது தெரியுமா உங்களுக்கு என்று கேட்டார். தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்டால், அந்தச் சாக்குகளிலிருந்துதான் என்று சொல்வேன்.

“தெரியும் ஐயா. எங்க எல்லாருக்கும் சேர்த்து இருக்கிறதே ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான். அதைத்தான் வண்டியில ஏத்தி ஏத்தி எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கோம். மத்த நாள்ல இந்தப் பிள்ளைங்க உக்காந்திருக்கிற பள்ளிக்கூடத்தை இதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்ல. நீங்கதான் முதல் ஆள்.”

அவர் குனிந்து அந்தச் சிறுமியிடமிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டார். சாக்கில் உட்காரம்மா என்று அவளிடம் சொன்னார். பிறகு வெளியே போய், சாமான்களை இறக்கச் சொல்லி வண்டிக்காரரிடம் சொன்னார். அந்த மனிதருக்கு வந்ததே எரிச்சல்.

“காலையிலேருந்து ஏத்துறதும் எறக்குறதும்தான் வேலை லா! ஒரு முடிவா சொல்லுங்க ஐயா, மாடே குழம்பிப் போச்சு.”

உறுப்பினருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என்னையும் தலைவரையும் காரில் ஏற்றிக்கொண்டு நேராகத் தண்ணீர்மலை ரோட்டுக்கு விட்டார். மோட்டார் காரில் நான் போனது அதுதான் முதல் தடவை, ஆனால் அனுபவிக்கத்தான் முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று தலைவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கே வாசலில் நின்ற ஆசிரியர்கள் காரைப் பார்க்கவே இல்லை. காருக்குப் பின்னால் வண்டி வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வரவில்லை. உறுப்பினர் அந்தப் பள்ளியை அது இருந்தபடியே பார்த்தார். மழை ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளி முதற்கொண்டு பார்த்தார்.

சிங்கப்பூரில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது. சங்கத்தில் எல்லாரும் கூடி நிற்க, தலைவர்தான் வாசித்தார். பினாங்கில் மிக நல்ல தமிழ்ப் பள்ளி ஒன்றைப் பார்த்தேன், அதற்குச் சக்கரம் இருக்கிறது என்று தொடங்கியிருந்தார். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று ஒரு வார்த்தை இல்லை. பிச்சை கேட்கிறவர்களே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று விதி செய்துவைத்தால், கந்தல் எப்படி நம் கண்ணில் படும் என்று சபையையே கேட்டிருந்தார். வாசித்துக்கொண்டே வந்த தலைவர் அந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பி, நல்லவேளை நீ இன்னொரு பாட்டு எடுக்கவில்லை என்றார். என் வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. ஆனால் உதவி வாங்கும் நகரத்துப் பள்ளிகளுக்குக் கட்டடமும் பெஞ்சும் அரசாங்கச் செலவில் தர வேண்டும் என்ற விதி அடுத்த ஆண்டு வந்தது. மீதியைக் கேட்பதை நாங்களும் விடவில்லை. அதற்குப் பிறகு எந்த உறுப்பினர் வந்தாலும், ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதீர்கள் என்று முதலில் சொல்கிறவர் எங்கள் தலைவர்தான். அவருடைய முதுகும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

புதுப் பெஞ்சு வந்த அன்று அந்தச் சிறுமி தன் சாக்கை மடித்து, அதைப் பெஞ்சின் மேல் போட்டு உட்கார்ந்தாள். ஏனம்மா என்று கேட்டேன்.

“இதையும் வண்டி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும்ல, டீச்சர்?” என்றாள்.

இது போகாது, இது சட்டத்தில் வந்த பெஞ்சு என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நம் இல்லாமையை நாமே மறைத்துக்கொடுத்தால் கொடுக்க வேண்டியவர்களுக்கு அது எத்தனை வசதி என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு எந்த அதிகாரியின் முன்னாலும் இரவல் பெஞ்சில் உட்கார்ந்து நான் நியாயம் கேட்டதில்லை.