அக்கா சிவப்பு

அந்த விமானத்தின் வாலுக்குத் தவறான நிறத்தைப் பூசியவன் நான். என் மனைவி பரமேஸ்வரி அல்ல. ஆனால் அவளே பூசினாள் என்று, ஈப்போவில் ஒரு மண்டபம் நிறைந்த மனிதர்களின் முன்னிலையில் சொன்னவனும் நான்தான்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முழ நீளமும் இல்லாத பிளாஸ்டிக் விமானம். அதன் வாலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நிறம். இதற்கு ஒரு வாக்குமூலமா... சிரிக்க விரும்பினால் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன். இந்த வயதில் காத்திருப்பது எனக்குக் கடினமாக இல்லை.

முதலில், உயிரோடிருக்கும் எவரிடமும் நான் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. கடுஞ்சிவப்பு, கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் ஆகியவை எனக்கு ஒரே மங்கலான நிறத்தின் வெவ்வேறு பெயர்கள்.

என் தகப்பனார் புகையிரத நிலைய அதிபர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தண்டவாளம் போன ஊருக்கெல்லாம் மாற்றலாகி, கடைசியில் மலாயாவின் பேராக்கில் நிலைத்தவர். நானும் அந்தச் சேவைக்கே போகவேண்டும் என்பது வீட்டின் ஏற்பாடு. கண் பரிசோதனையில் வண்ணக் கம்பளி நூல்களை மேசைமேல் கொட்டி, சிவப்பை ஒருபுறமும் பச்சையை ஒருபுறமும் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்த பரிசோதகர், நூல்களைக் கலைத்து மறுபடியும் அடுக்கச் சொன்னார். கைவிளக்கின் நிறம் தெரியாதவனை எந்த ரயிலுக்கு அருகே நிறுத்துவார்கள்?

தகப்பனார் ஊருக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "பொடியனுக்கு ரெயில்வே வேண்டாமாம். மேல படிக்கப் போறானாம்."

அந்தப் பொய்யோடுதான் கல்லூரிக்குப் போனேன். பட்டம் பெற்றேன். ஈப்போவில் கணித ஆசிரியரானேன்; எல்லாருக்கும் 'மாஸ்டர்' ஆனேன். கைக்கு வந்த உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்வியைத் தேர்ந்தவர் என்று மேடைகளில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. சில காலம் கழிந்தபின் மறுப்பதற்கு வழியும் இருக்கவில்லை.

கல்யாணப் பேச்சிலும் இதை மறைத்தோம். பரமேஸ்வரி, பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்ட மருந்தகத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தவரின் மூத்த மகள். மணமாகி வந்த முதல் ரம்புத்தான் பருவத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆசிரியர் குவாட்டர்ஸின் பின்புறத்து மரத்திலிருந்து நான் ஒரு கூடை பழம் பறித்துவந்தேன். பழுத்தால் சிவக்கும் அவற்றில் பாதிக்குமேல் பச்சைக் காய். அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாள் முதல், சட்டைக்கு ஏற்ற கழுத்துப்பட்டியும் காலுறையும் கட்டிலின்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அந்த வழக்கம் இறுதிவரை நிற்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதுமில்லை.

அப்படிப்பட்ட ஒருவன் மாதிரி விமானங்களுக்கு வண்ணம் பூசும் பொழுதுபோக்கில் ஏன் இறங்கினான்? நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது அளவுதான். பிளாஸ்டிக் துண்டுகளை அரத்தால் தேய்த்து, இறக்கையின் சாய்வு சற்றும் பிசகாமல் ஒட்டுவதில் ஒரு நிறைவு இருந்தது. எழுபதுகளில் ஈப்போவில் எங்களைப் போன்ற சிலர் சேர்ந்து ஒரு சிறு கழகம் வைத்திருந்தோம். செயலாளர் செல்வராஜு, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் துண்டு துண்டாக விலைபோன பிறகு நகரத்துக்கு வந்து ஒரு பஸ் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்திருந்தான். வாய் நிறையப் பேச்சு. வயது வேறுபாட்டைப் பொருட்படுத்தாத கேலி. அந்தக் கழகத்தில் பூசாத விமானத்தை விமானம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே பரமேஸ்வரி பூசினாள். என் பெயரில்.

பெட்டிக்குள் வரும் தாளில் வெளிநாட்டு விமான நிறுவனங்களின் நிறங்கள்தாம் குறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டு விமானத்தின் சிவப்பு எந்தக் குட்டி டின்னிலும் கிடைக்காது. கடையில் விற்ற எனாமல் சிவப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தக்காளி. அது இப்பிடி மஞ்சள் அடிக்காது" என்பாள். பிறகு தன் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். சேலைக்கு ஏற்ற ரவிக்கைத்துணி தேடும் பெண்கள், முந்தானை ஓரத்தில் ஒரு நூலிழையைக் கிள்ளிக் கடைக்குக் கொண்டுபோவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவளுடைய முறையும் அதுவே. தையற்காரனிடம் மிஞ்சிய சிவப்புத் துண்டுகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு, விமானத் திடலின் வேலியோரம் போய் நிற்போம். பினாங்கு விமானம் வந்து நின்றதும், ஒவ்வொரு துண்டாக வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விமானத்தோடு ஒப்பிடுவாள். ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பைக்குள் போட்டுவிடுவாள்.

"இதுதான். ஆனா இதுக்கும் ஒரு துளி வெள்ளை விடவேணும். முழுச் சேலையில இருக்கிற நிறம் சின்னத் துண்டில கருத்துத் தெரியும்."

அவள் சொன்னபடி வெள்ளை விட்டால், கழகத்தின் கண்காட்சி மண்டபத்தில் பார்ப்பவர்கள் வேலியோரம் நிற்பதாகவே உணர்வார்கள். நிறத்தில் மாஸ்டரை வெல்ல ஆளில்லை என்றார்கள். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

கலந்த வண்ணங்களை, அவளுடைய தகப்பனாரின் மருந்தகத்திலிருந்து வந்த பெனிசிலின் குப்பிகளில் ஊற்றி, ரப்பர் மூடியிட்டு வரிசையாக வைப்பாள். எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. கண்ணிருப்பவளுக்குப் பெயர் எதற்கு? ஒட்டும்படி நான் ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொன்னால், என் குறையை என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்... அந்த ஓர் அச்சத்தால் அந்தக் குப்பிகள் கடைசிவரை பெயரில்லாமலே இருந்தன.

ஒருமுறைதான் அவள் கேட்டாள். கண்காட்சியில் விமானத்தின் முன் வைக்கும் அட்டையில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு மூலையில என்ர பேரையும் போட்டா என்ன?"

"அடுத்தமுறை பாப்பம்" என்றேன்.

நிறத்துக்கு மனைவி எதற்கு என்று எவராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதற்குப் பின் அவள் கேட்கவில்லை. அடுத்த முறைகள் பல வந்து போயின.

பிறகு அந்த ஆண்டு வந்தது. விமானம் முடியும் தறுவாயில் பாகான் டத்தோவிலிருந்து ஆள் வந்தான். அவளுடைய தகப்பனாருக்கு நோய் முற்றியிருந்தது. புறப்படும்போது, "வாலை மட்டும் விட்டு வையுங்கோ. நான் வந்து பூசுறன். தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாட்கள் நகர்ந்தன. அவள் வரவில்லை. இம்முறை கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக, அதே விமானங்களை ஓட்டுகிற விமானி ஒருவர் வருகிறார் என்று செல்வராஜு சொல்லியிருந்தான். மொட்டை வாலோடு நான் எப்படிப் போய் நிற்பது?

பட்டப்பகலில்தான் பூசினேன். குப்பிகளை ஒவ்வொன்றாகச் சன்னலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எது அடர்ந்த சிவப்பாகத் தோன்றியதோ அதை எடுத்தேன். கடையிலிருந்து வந்த தக்காளிச் சிவப்பில் அதைக் கலந்து, அவள் செய்வதைப் போலவே ஒரு துளி வெள்ளையும் விட்டேன். உலர்ந்தபின் பார்த்தேன். அழகாக இருந்தது. என் கண்ணுக்கு அது மிகவும் அழகாக இருந்தது.

நான் எடுத்தது கரும்பச்சைக் குப்பி.

கண்காட்சியன்று காலை பாகான் டத்தோ பஸ்ஸிலிருந்து இறங்கியவள், துணிப்பையோடு நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். தகப்பனார் சற்றுத் தேறியிருந்தார். தூக்கமில்லாத முகத்தோடு மேசையருகே வந்தவள், விமானத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதை இப்ப எடுத்து உள்ள வையுங்கோ" என்றாள், மெல்லிய குரலில்.

"ஏன்?"

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இறக்கை கழண்டு போச்செண்டு சொல்லிவிடலாம்."

பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பொய்யைக் கண்டுபிடித்துத் தந்தாள். நான் எடுக்கவில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீர் சும்மா இரும்" என்றேன்.

விமானியை அழைத்துக்கொண்டு செல்வராஜு வந்தான். பின்னால் ஒரு சிறு கூட்டம். விமானி குனிந்தார்; புருவத்தை உயர்த்தினார்; மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். அதோடு முடிந்திருக்கும். செல்வராஜுவின் வாய்தான் நிற்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். வாலு என்னா, காஞ்ச டுரியான் தோலு மாதிரி இருக்கு? மாஸ்டருக்குக் கண்ணு கிண்ணு போயிருச்சா?"

வெறும் கேலிதான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கண் என்ற அந்த ஒரு சொல்... கொட்டப்பட்ட கம்பளி நூல்கள் மறுபடியும் என் முன் கிடந்தன. எல்லாரும் என் கண்களையே உற்றுப் பார்ப்பதாகத் தோன்றியது.

"இந்த முறை வாலை இவங்கதான் பூசினாங்க" என்று பரமேஸ்வரியைக் காட்டினேன். "ஆசையாகக் கேட்டாங்களே என்று விட்டுவிட்டேன்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பஸ் புழுதி படிந்த சேலை, கையில் துணிப்பை. ஊரிலேயே இல்லாதவள். ஒரு சொல் போதும், நான் அங்கேயே வீழ்ந்திருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். ரம்புத்தான் கூடையைப் பார்த்த அதே பார்வை.

"ஓம் தம்பி. அவர் சரியாத்தான் சொன்னவர். நான்தான் அவசரத்தில குப்பியை மாத்திப் போட்டன்."

"அதானே பார்த்தேன்! அக்கா கை பட்டா கொழம்பு மணக்கும், பிளேனு எப்படி மணக்கும்?" என்றான் செல்வராஜு.

மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும்.

எத்தனையோ விமானங்களில் அவளுடைய நிறம் என் பெயரோடு நின்றது. அவள் பெயர் ஒரே ஒரு விமானத்தோடு சேர்ந்தது. அதில் இருந்தது என் நிறம்.

அன்றிலிருந்து எங்கள் கழகத்தில் ஒரு வழக்குச்சொல் பிறந்தது. எவன் நிறத்தில் பிசகினாலும், "என்னா மச்சான், அக்கா செவப்பா?" என்று கேட்பார்கள். புதிதாய்ச் சேர்ந்தவர்கள்கூட, யார் அந்த அக்கா என்று அறியாமலே சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில், அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கையிலேயே ஒருமுறை சொன்னார்கள். கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்மேல் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குப்பிகளை மட்டும் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். வண்ணத்தை மறுபடி தொடவில்லை. வேலியோரத்துக்கும் வரவில்லை. வேலைப் பளு என்று சொல்லி நானும் பொழுதுபோக்கை விட்டேன். எனக்கு மரியாதை குறையவில்லை; மாஸ்டர் மாஸ்டர்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு காலை, என் காலுறைகளை எடுத்துவைத்த கட்டிலின் அருகிலேயே அவள் விழுந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை.

இழவு வீட்டு வாசலில் செல்வராஜு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எத்தன வருஷம் அக்கா செவப்பு, அக்கா செவப்புன்னு கிண்டல் பண்ணியிருப்போம் மாஸ்டர். ஒருநாளு மொகம் சுளிச்சிருப்பாங்களா? அந்த மனசு யாருக்கு வரும் லா..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். 'அதைப் பூசியவன் நான்.' வாய் திறந்ததுதான். உள்ளிருந்து அவளுடைய தங்கை அழைத்தாள்.

"அத்தான், அக்காவின்ர கூறைச் சேலையை எடுத்துத் தாங்கோ. குளிப்பாட்டி முடிஞ்சுது."

கணவன் இருக்கையில் இறந்தவளை, கல்யாணத்தன்று கட்டிய கூறைச் சேலை உடுத்தி அனுப்புவது எங்கள் வழக்கம். சிவப்புக் கூறை. அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் இரண்டு பட்டுகள். இரண்டிலும் ஒரேவிதமான சரிகை. இதுவா, அதுவா... எது சிவப்பு என்று கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள்.

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தங்கை விரித்துப் பார்த்துவிட்டுத் திகைத்தாள். "அத்தான், இது பச்சையல்லோ?"

பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியும்" என்றேன். "இதைத்தான் உடுத்தவேணும் எண்டு அவ என்னட்டைச் சொன்னவ."

மாஸ்டரின் சொல்லை யார் மறுப்பார்கள்? பச்சைச் சேலை உடுத்திப் போனாள். ஊர்ப் பெண்கள் அதையும் அவளுடைய ஆசை என்றே இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது முறையாகவும் என் தவறு அவள் பெயரில் எழுதப்பட்டது. இம்முறை சிரித்து ஏற்றுக்கொள்ளவும் அவள் இல்லை.

நீங்கள் என்னை மன்னிக்கவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. மன்னிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை.

விமானம் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்று காலை அதன் முன்னே நின்று, அலமாரியில் தங்கிவிட்ட கூறைச் சேலையை எடுத்து, அவள் வேலியோரம் செய்ததைப் போல ஓர் ஓரத்தை அந்த வாலுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். நல்ல வெயில். கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தேன்.

ஒரு வேறுபாடும் தெரியவில்லை.