பங்கில்லாதவருக்கு நாற்காலி இல்லை

சமரசம் பேசுவதைத் தனித் தொழில் என்றே பலர் ஒப்புவதில்லை. வாய் இருந்தால் போதும், விவரமானவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் தீராத சண்டை உண்டா என்பார்கள். அந்தத் தொழிலுக்குள் பிரிவுகளும் உண்டு என்றால் சிரிப்பார்கள். கண் மருத்துவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லாதவர்கள்தான், கட்டடத் தகராறு பேசுகிறவரிடம் விவாகரத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

நீதிமன்றத்தை ஒட்டிய சமரச மையத்தில் அந்தப் பெண்மணியை எல்லோரும் மத்தளம் என்றுதான் சொல்வார்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெயர் வைத்தது அவர் கணவர். மாலையில் கதவைத் திறந்ததும், "வாங்க மத்தளம், இன்னிக்கு எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேட்பார். மையத்தில் ஒரு விழாவுக்கு வந்த கணவர் வாய் தவறி அப்படிக் கூப்பிட, அது அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

மத்தளம் தொழிலைக் கற்றது ஒரு நூற்பாலையில், தொழிலாளர் நல அலுவலராக. மேற்பார்வையாளரும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்தால் பதவியில் பெரியவர் இரண்டாவதாகத்தான் பேச வேண்டும்; முதலில் பேசவிட்டால் மற்றவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு மையத்துக்கு வந்து அண்டை வீட்டுச் சண்டைகளைப் பார்த்தார். அங்கே ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கடையைப் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் விவாகரத்து. கணவனையும் மனைவியையும் தனித்தனியாகச் சந்திக்கும்போது, ஒருவர் சிரித்துக்கொண்டு வெளியே வருவது மற்றவர் கண்ணில் படக் கூடாது. பட்டால் அன்றைய வேலை அத்தோடு போயிற்று.

ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மனிதர்கள் பிரிவுகளாக வெட்டப்பட்டு வருவதில்லை. எந்த அலமாரியிலும் அடங்காத சண்டையை ஏதாவது ஓர் அலமாரியில் திணிப்பார்கள். அப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் பெரும்பாலும் ஓர் ஆளாகத்தான் இருக்கும்.

சொத்துப் பிரிவினைகளைக் கவனிப்பவர் கண் அறுவைக்காக விடுப்பில் போயிருந்தார். மையத்தின் பொறுப்பாளர், ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரு வழக்கை மத்தளத்திடம் கொடுத்தார்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு மேடம். கையெழுத்து மட்டும் வாங்குங்க."

இரண்டு மகன்கள், ஒரு மகள். கீழ்த்தளம் மூத்தவனுக்கு, மாடி இளையவனுக்கு, பின்பக்க மனை மகளுக்கு. ஒப்பந்தத்தின் கடைசியில் 'பொதுவானவை' என்று ஒரு பத்தி: தண்ணீர் மோட்டார், மாடிப்படி, வெளிக்கதவு, தந்தை. தந்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு நான்கு மாதம் முறைவைத்து இருப்பார்.

மத்தளம் அதை இரண்டாம் முறை படித்துவிட்டு, எதிரே இருந்த பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்தார். "அப்பா எங்கே?"

"வெளியில பெஞ்சுல இருக்கார். வீட்டுல தனியா விட முடியல" என்றாள் மகள்.

"உள்ள கூப்பிடலையா?"

மூத்தவன் பொறுமையாக விளக்கினான். "அவர் எதுக்கு மேடம்? வீட்டை எங்க பேருக்கு எழுதிக் கொடுத்துட்டார். அவருக்கு இதுல பங்கே இல்லையே."

அவன் சொன்னது விதிப்படி சரி. சொத்துப் பிரிவினையில் பங்குள்ளவர்கள்தான் மேசையில் உட்காருவார்கள். மற்ற உறவினர்கள் நுழைந்தால் சந்தைக்கடை ஆகிவிடும். நல்ல விதிதான். ஆனால் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்ட ஒரே காரணத்துக்காக அது ஒருவரை வாசலில் உட்காரவைத்திருந்தது. அத்தனை அமர்வுகளிலும் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

மத்தளம் எழுந்து பொறுப்பாளர் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் பெரியவர் உள்ள வராம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

"அவர் கட்சிக்காரரே இல்லையேம்மா. எந்தக் கணக்குல உட்கார வைக்கிறது?"

"பங்கு போடுறதே அவரைத்தான் சார்."

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க மேடம்."

"போன வருஷம் ஒரு விவாகரத்துல பூனை யார்கிட்ட இருக்கணும்னு பேசினோமே, ஞாபகம் இருக்கா? அந்தப் பூனை உள்ள வந்து மேசை மேலயே உட்கார்ந்துச்சு. நீங்கதான் பால் வாங்கிட்டு வரச் சொன்னீங்க."

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "சரி, இது குடும்பப் பிரிவா, சொத்தா? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல. முதியோர் பராமரிப்புக்குன்னு தனிப் பிரிவு வேணும்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்? அதுல முதல் வேலையே, யாரைப் பத்திப் பேச்சோ அவரை உள்ள கூப்பிடுறது."

"இங்க அது இல்லையே."

"இல்லாததாலதான் சார் அவர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்!"

"என்னவோ பண்ணுங்க. முறிஞ்சா உங்க தலையில."

பெரியவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இஞ்சின் பக்கமிருந்த காது மந்தம். மத்தளம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நல்ல காது பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டார். பெரியவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? முதுகு போயிடுச்சு அந்தப் பெஞ்சுல."

மத்தளம் அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினார்.

"நாலு நாலு மாசமா? ஏம்மா, நான் என்ன வாடகை சைக்கிளா? எங்க டெப்போவுல பழைய வண்டியைக்கூட இப்படி மாத்த மாட்டாங்க. அதோட கோளாறு தெரிஞ்ச டிரைவர்கிட்டயே விடுவாங்க."

"அப்பா, உங்களை நல்லா பாத்துக்கணும்னுதானே..." என்றாள் மகள்.

"பாத்துக்கிறவங்க ஒரு வார்த்தை கேக்கணும்மா."

"சரிப்பா, இப்பக் கேக்கிறோம். என்ன வேணும், சொல்லுங்க" என்றான் மூத்தவன்.

பெரியவர் திகைத்துப் போனார். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"கீழ இருக்கிற அந்த முன் அறை. அங்கயே இருந்துக்கிறேன். சோறு யார் போட்டாலும் சரி. படுத்துட்டா அப்பப் பேசுவோம்."

மூத்தவன் முகம் மாறியது. "அதை நான் கடைக்கு வெச்சிருக்கேன்பா."

"கடையா?" இளையவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்ககிட்ட சொல்லவே இல்லியேடா! அதான் கீழ்த்தளம் வேணும், கீழ்த்தளம் வேணும்னு நின்னியா?"

அதற்கப்புறம் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கையெழுத்து ஆகவில்லை.

போகும்போது மூத்தவன், "முடிஞ்சதைக் கெடுத்துட்டீங்களே மேடம்" என்றான்.

"முடியலப்பா. நீங்க மூணு பேரும் களைச்சுப் போயிருந்தீங்க, அவ்வளவுதான். ஒரு மனுஷனை மோட்டாரோட சேர்த்து எழுதியிருக்கீங்க, வெக்கமா இல்ல?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சமரசம் பேசுகிறவர் தீர்ப்புச் சொல்வது குற்றம். கோபத்தில் சொன்னாலும் குற்றம்தான். அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் நடுநிலை தவறிவிட்டதாக மையத்தில் பேசிக்கொண்டார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு நடுவில் நிற்பது பெரிய காரியமல்ல. யார் அறைக்குள் வரலாம் என்று முடிவு செய்த நிமிடமே ஒரு பக்கம் சாய்ந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நேராக உட்கார்ந்து என்ன பயன்?

மையம் அந்த வழக்கை 'தோல்வி' என்று பதிந்தது. பேசி முடித்த வழக்குகளின் விகிதம் குறைந்ததென்று பொறுப்பாளர் வருத்தப்பட்டார். மத்தளத்துக்குச் சொத்து வழக்குகள் வருவது நின்றது. முதியோர் பிரிவு கேட்டு அவர் மறுபடியும் மனுக் கொடுக்க, இருக்கும் பிரிவுகளே போதும் என்று பதில் வந்தது. போதுமாம். யாருக்குப் போதும்?

சில வாரங்கள் கழித்து பிள்ளைகள் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். இந்த முறை குடும்பப் பிரிவில், மத்தளத்திடமே. பெரியவர் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்து எல்லோர் பேச்சிலும் குறுக்கிடுகிறார். "முன்னாடி அமைதியா இருந்துச்சு" என்று இளையவன் முணுமுணுக்கிறான். கடையைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நான்கு மாதக் கணக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முன் அறையில் அவர்தான் இருக்கிறார். மூத்தவன் செய்து வைத்த கடைப் பெயர்ப் பலகை அந்த அறைச் சுவரோரமாகச் சாய்ந்திருக்கிறது. அப்பா அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போடுகிறார் என்பதுதான் போன அமர்வில் மூத்தவன் கொண்டுவந்த புகார்.